லோட்டாவுக்குள் ஓர் ஆணிக்கோடு

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இருந்தும் போடியில் ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கி இரண்டு கட்டினேன். போடிமெட்டுக்கு மேலே, யானை இறங்கும் சரிவென்று யாரும் தொடாமல் விட்டிருந்த இடத்தில் ஏலத்தோட்டம் போட்டேன். மூன்று லாரி, ஒன்பது ஜீப்பு ஓட்டினேன். எந்தக் கடையில் என்னை வாசலிலேயே நிறுத்தி லோடுக் கூலி கொடுத்தார்களோ, அந்தக் கடை இருந்த கட்டிடத்தையே வாங்கினேன். சிலமலையில் தென்னந்தோப்பு வாங்கினேன். ஒரு வருஷம் மழையில்லாமல் செடி கருகியது. ஒரு வருஷம் மழை கூடிப்போய்ச் சரிவே இறங்கிப் போயிற்று. ஒரு வருஷம் காய் இருந்தது, விலை இல்லை. ஒவ்வொரு தடவையும் ‘ஆளு இத்தோட முடிஞ்சான்’ என்று டீக்கடையில் பேசினார்கள். பேசியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று என் கிட்டங்கியில் வேலை பார்க்கிறார்கள். இதையெல்லாம் சொன்னால் பீத்திக்கொள்கிறான் என்பீர்கள். ஆமாம், பீத்திக்கொள்கிறேன். எண்பத்தெட்டு வயதில் பீத்தாமல் இனி எப்போது பீத்துவது?

என் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி அலமாரி ஒன்று இருக்கிறது. கேடயம், கோவிலில் கட்டிய பரிவட்டம், முதல் லாரியின் சாவி எல்லாம் அதில் உண்டு. நடுத்தட்டில் மட்டும் வேறு எதையும் வைக்கவிடாமல் ஒரு பித்தளை லோட்டா வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் நசுங்கியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உள்ளே, பாதிக்குக் கொஞ்சம் கீழே, ஆணியால் கிழித்த ஒரு கோடு தெரியும். நேராக ஓடாத கோடு. என் அக்கா கிழித்தது. அவள் புருஷன், என் மச்சான், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் குடிக்கலாம் என்பதற்காகக் கிழித்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், முப்பது வயது நிறைவதற்குள், அவருக்கு இரண்டு சிறுநீரகமும் நின்றுபோயின. அந்தக் கோட்டின் கதையை இந்த ஊரில் நான் சொல்லாத ஆள் கிடையாது. ஆனால் சொன்னதெல்லாம் பாதி.

மச்சானும் நானும் கூட்டாளிகளாகத் தொழில் செய்தோம். எங்களுக்குச் சேர்த்து மூன்று கோவேறு கழுதைகள். குரங்கணியிலிருந்து மேலே ஏறும் பாதையில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் ஏற்றிக்கொண்டு போவோம். இறங்கும்போது ஏலக்காயும் காப்பிக்கொட்டையும். கழுதைக்கு ஏற்ற முடியாத இடத்துக்கு நான் தலையில் சுமப்பேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. இரண்டு பேர் தூக்கும் மூட்டையை ஒரே ஆளாகத் தூக்கிக்கொண்டு, போகிற வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டும் போவேன். ஒருநாள் மேலே தோட்டத்தில், ஒன்றரை மூட்டையை ஒரே மூச்சில் ஏற்றினேன் என்று நான் அளந்துகொண்டிருந்தபோது மச்சான் கழுதைக்குக் கயிறு இறுக்கிக்கொண்டே சொன்னார்: “ஏத்துனதச் சொன்ன. மொடக்குல விழுந்து அரை மூட்டைய ஓடையில கொட்டுனதச் சொன்னியா? பீத்துறதுல தப்பில்ல மாப்ளே. பாதிய மட்டும் பீத்தாத. முழுசாப் பீத்து.” சுற்றி நின்ற ஆட்கள் சிரித்த சிரிப்பில் கழுதை மிரண்டது. அந்தப் பேச்சு பிறகு எனக்குப் பட்டப்பெயர் மாதிரி ஒட்டிக்கொண்டது. நான் வாயைத் திறந்தாலே, “மாப்ளே, இது பாதியா முழுசா?” என்று யாராவது கேட்பார்கள்.

நோய் முகத்தில்தான் முதலில் தெரிந்தது. காலையில் எழுந்து வந்தால் கண்ணிமை இரண்டும் பணியாரம் போல உப்பியிருக்கும். “என்னண்ணே, ராத்திரி வீட்ல பூசையா?” என்று ஆட்கள் கேலி செய்தார்கள். அவரும் “உங்கக்கா கை அப்படி” என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகு செருப்பு வார் ஏறவில்லை. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து, நான் பீடி பற்றவைத்து முடிக்கிற வரைக்கும் அந்தக் குழி அப்படியே கிடந்தது. மலைச்சுரம் என்றார்கள், பித்தம் என்றார்கள், நீர் கோத்துக்கொண்டது என்றார்கள். பத்தியம், பற்று, கசாயம் எல்லாம் ஆயிற்று. ஒரு மாதத்தில் குரங்கணி ஏற்றத்தில் பத்தடிக்கு ஒரு தரம் கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, “மாப்ளே, ரெண்டு நாளா ஒண்ணுக்கு வரலடா” என்றார். அவர் குரலில் கேலி இல்லாததை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.

முதல் கழுதையை விற்றோம். வாடகைக் கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டர் நல்ல மனுஷர். எங்களை நிற்கவைத்துப் பேசவில்லை, உட்காரவைத்துப் பேசினார். அவர் சொன்னதை அக்காவும் நானும் பாடம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு வந்தோம். “ரெண்டு கிட்னியும் வேலைய நிறுத்திருச்சும்மா. சில பேருக்கு அதுவாத் திரும்பும். திரும்புற வரைக்கும் ஆள இழுத்துப் பிடிக்கணும். உப்பு ஆகவே ஆகாது. தண்ணி ஒரு நாளைக்கு இவ்வளவுதான்” என்று மேசை மேலிருந்த கண்ணாடிக் கூஜாவில் விரலை வைத்துக் காட்டினார். “உள்ள போறது வெளிய வரலேன்னா நெஞ்சுல ஏறிரும்.” வேறு வழியே இல்லையா என்று அக்கா அழுதாள். சீமையில் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிற மிஷின் வந்திருக்கிறதாம், நம் பக்கம் வர நாளாகும் என்றார். நான் குறுக்கே புகுந்து, “அது எத்தனை எடை சார் இருக்கும்? மலைக்கு அந்தாண்ட இருந்தாலும் நான் சொமந்துக்கிட்டு வந்துர்றேன்” என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. என் தோளில் ஒருமுறை தட்டினார். கட்டிலில் படுத்திருந்த மச்சான்தான் சிரித்தார்.

இரண்டாவது கழுதை மதுரையில் ஊசியாகவும் மருந்தாகவும் தங்கலாகவும் கரைந்தது. போகும்போது கார்; திரும்பும்போது ரயில். அந்த ரயில் பயணத்தை நான் மறக்கவில்லை. கோடை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மண்பானையும் தகரக் குவளையுமாகத் தண்ணீர் ஊற்ற ஆள் நின்றான். மச்சான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குவளையிலிருந்து அடுத்தவர் கைக்குள் விழும் தண்ணீரையே பார்த்தார். உதட்டை நக்கிக்கொண்டார். அக்கா ஜன்னல் பலகையை இறக்கிவிட்டாள். அந்தப் புழுக்கத்தில் மூன்று பேரும் வேர்த்து வடிய வந்து சேர்ந்தோம்.

வீட்டுக்கு வந்த அன்றே அவள் லோட்டாவில் கோடு கிழித்தாள். டாக்டர் விரல் வைத்த இடத்தை அவள் கண் அளந்துகொண்டு வந்திருந்தது. காலையில் அந்தக் கோடு மட்டும் ஊற்றி மூடிவைப்பாள். மாத்திரை விழுங்குவது, கஞ்சி கரைப்பது, வாய் நனைப்பது எல்லாம் அதற்குள். கஞ்சியில் உப்புக் கிடையாது. “உப்பில்லாப் பண்டம் குப்பையிலன்னு சும்மாவா சொன்னாங்க? நான்தான் மாப்ளே இப்பக் குப்பைக்குப் போற பண்டம்” என்பார் மச்சான். அக்கா அதற்குச் சிரிக்கமாட்டாள். இடுப்பில் ஒன்றரை வயதுப் பையனை வைத்துக்கொண்டு, காலையிலும் மாலையிலும் மச்சானின் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்திக் குழியைப் பார்ப்பாள். குழி ஆழம் குறைந்தால் அன்றைக்கு வீட்டில் விளக்கு பிரகாசமாக எரிகிற மாதிரி இருக்கும். மூன்றாவது கழுதையையும் விற்று மறுபடி மதுரைக்குப் போகலாம் என்று அவள் சொன்னபோது மச்சான்தான் தடுத்தார். “அதையும் வித்துட்டு நான் பிழைச்சா, பிழைச்சு எதுல சோலி பாக்குறது? அது கெடக்கட்டும். மாப்ளே கையில குடு.” அந்த ஒற்றைக் கழுதையோடு, தலைச்சுமைக் கூலிக்கும் போய், இரண்டு ஆள் வேலையை நான் பார்த்தேன். மருந்து நிற்கவில்லை. கோவேறு கழுதை குட்டி போடாது என்பார்கள். எனக்குப் போட்டது. மேலே சொன்ன லாரியும் ஜீப்பும் தோட்டமும் அதன் வயிற்றில் பிறந்தவைதான்.

இனிச் சொல்வதைத்தான் நான் எத்தனையோ பந்தியில், எத்தனையோ மேடையில் பெருமையாகச் சொன்னேன். மச்சானின் தாகத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. காற்றாடட்டும் என்று விடியற்காலையில் கொட்டகுடி ஆற்றோரம் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போவேன். கழுதையும் கூட வரும். ஒருநாள் அது ஆற்றில் வாய் வைத்து உறிஞ்சியது. தண்ணீர் அதன் தொண்டையில் உருண்டு உருண்டு இறங்குவதை மச்சான் நின்று பார்த்தார். கண்ணில் நீர் முட்டியது. “இதுக்குக் குடுத்து வச்சிருக்குடா” என்றார். பக்கத்திலேயே தென்னந்தோப்பு. எனக்குள் ஒன்று பளிச்சென்றது. எங்கள் ஊரில் நீர்க்கடுப்பு என்றால் யாரும் வைத்தியரிடம் போகமாட்டார்கள். முதல்நாளே இளநீரைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு, விடிந்ததும் வெறும் வயிற்றில் குடிப்பார்கள். மதியத்துக்குள் திறந்துகொள்ளும். டாக்டர் தண்ணீரைத்தானே குறைக்கச் சொன்னார்? உப்பைத்தானே நிறுத்தச் சொன்னார்? இளநீர் தண்ணீர் இல்லை, மருந்து. அதில் உப்பும் கரிக்காது. இது என் புத்தி மட்டும் இல்லை. அந்த ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் மரம் ஏறியது நான்.

தோப்புக்காரருக்கு மட்டை சுமந்து கொடுத்துக் கூலிக்குப் பதிலாகக் காய் வாங்கிக்கொண்டேன். தினமும் விடியும்போது இரண்டு. அக்காவிடம் சொல்லவில்லை, அவள் கஞ்சியின் ஈரத்தைக்கூடக் கோட்டில் கழித்தவள், சம்மதிக்கமாட்டாள். முதல் இளநீரை மச்சான் குடித்த குடியைச் சொல்லி முடியாது. கண்ணை மூடிக்கொண்டு, மார்பில் வழிந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டு, கடைசியில் ஓட்டைச் சுரண்டி வழுக்கையையும் தின்றுவிட்டு, “மாப்ளே, இதை நீ ஊரெல்லாம் பீத்திக்கலாம்டா. நானே சாட்சி சொல்றேன்” என்றார்.

எட்டாம் நாள் நல்ல சேதி வந்தது. நான் மலையிலிருந்து இறங்கி வந்தபோது அக்கா தெருவிலேயே ஓடி வந்தாள். “தம்பி, வந்துருச்சுடா! ஒரு செரட்டை வந்துச்சுடா!” பிள்ளை பிறந்த வீட்டில்கூட நான் அப்படியொரு சந்தோஷத்தைப் பார்த்ததில்லை. டாக்டர் சொன்ன மாதிரி கிட்னி திரும்புகிறது என்று அவள் கும்பிட்டாள். என் இளநீர் திறந்துவிட்டது என்று நான் மனதுக்குள் கும்பிட்டேன். மறுநாளிலிருந்து இரண்டை நான்காக்கினேன்.

பதினொன்றாம் நாள் விடியற்காலையில் ஆற்றோரத்தில் நான்காவது காயைக் குடித்துவிட்டு எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். “காலு கழண்டு போன மாதிரி இருக்குடா” என்றார். கையைத் தூக்கச் சொன்னேன். பாதி தூக்கி விட்டுவிட்டார். முதுகில் போட்டுக்கொண்டு ஓடினேன். வீட்டில் கிடத்தியபோது நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். செங்குத்தில் ஏறும் கழுதையின் குளம்பு மாதிரி, இரண்டு அடி வேகமாக வைத்து, நின்று, யோசித்து, பிறகு ஒன்று வைத்தது. வைத்தியரைக் கூட்டிவர ஆள் ஓடினான். மச்சான் என்னைப் பார்த்து, “கழுதைக்குத் தீனி...” என்று ஆரம்பித்தார். அந்தப் பேச்சை முடிக்கவில்லை. உச்சி வெயில்கூட ஏறவில்லை.

எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு அக்கா லோட்டாவை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “நேத்துச் சாயங்காலம் நான் கோட்டைத் தாண்டி ஊத்திட்டேன் தம்பி. தண்ணி பிரியுதேங்கிற சந்தோசத்துல ஒரு வாய் கூட ஊத்திட்டேன். ஒரே ஒரு வாய்டா. நான்தான் கொன்னுட்டேன்.” நான் அவளைத் தேற்றினேன். தேற்றுவதற்காகவே இளநீர் விஷயத்தைச் சொன்னேன். பதினோரு நாளும் அவர் தொண்டை காயவில்லை, குளிர்ந்த தொண்டையோடுதான் போனார் என்றேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நீயாவது நனைச்சியே. என் சாமிடா நீ.” அன்றைக்கு ஏற்றுக்கொண்ட அந்தக் கும்பிடை நான் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஏற்றுக்கொண்டேன். வந்தவர் போனவர் எல்லோரிடமும் அவள் இரண்டையும் சேர்த்தே சொல்லுவாள்: நான் கோட்டைத் தாண்டி ஊற்றினேன், என் தம்பி இளநீர் கொடுத்தான். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், எவ்வளவு வெயிலில் நடந்து வந்திருந்தாலும், அவள் ஒரு செம்பு தண்ணீரை முழுதாகக் குடித்து யாரும் பார்த்ததில்லை. பாதியில் வைத்துவிடுவாள். நான் பங்களா கட்டி, கிணற்றில் மோட்டார் போட்டு, வீடெல்லாம் குழாய் வைத்துக் கொடுத்தேன். அவள் அந்த லோட்டாவில்தான், அந்தக் கோடு வரைக்கும்தான் குடித்தாள்.

அக்கா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து, அன்றைக்கு இடுப்பில் இருந்த அவள் மகனுக்கும் அதே நோய் வந்தது. எனக்கு மருமகன் முறை. அறுபதை நெருங்கும்வரை என் ஜீப்புகளைக் கட்டி மேய்த்தவன். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்றார்கள். நம் பக்கம் வர நாளாகும் என்று மதுரை டாக்டர் சொன்ன அந்த மிஷின், இப்போது பக்கத்து ஊரில், காப்பீட்டு அட்டையைக் காட்டினால் இலவசமாகவே ரத்தத்தைக் கழுவி விடுகிறது. முதல் தடவை அவனைப் பார்க்கப் போனபோது வெறுங்கையோடு போகலாமா? என் சொந்தத் தோப்புக் காய், செவ்விளநீர், இரண்டைச் சீவிக் கையில் எடுத்துக்கொண்டு, அப்பனுக்குக் கொடுத்த கையால் மகனுக்கும் கொடுக்கிறேன் என்ற நினைப்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைந்தேன். வாசலில் ஒரு நர்ஸம்மா, என் பேத்தி வயதுகூட இருக்காது, குறுக்கே கையை நீட்டினாள்.

“தாத்தா, யாருக்கு இளநி?”

“எம் மருமகனுக்குத்தான் ஆத்தா. ஒடம்புக்குக் குளிர்ச்சி.”

“அவரு மேல ஏதும் கோவமா? இதக் குடிச்சா ஆளு போயிருவாரு தாத்தா. ஒண்ணுக்குப் போறவங்களுக்குத்தான் இது நல்லது. இவங்களுக்கு இதுல இருக்கிற பொட்டாசியம் வெளிய போகாது. ஒடம்புல சேந்து மொதல்ல கை கால இழுத்துரும், அப்புறம் நெஞ்ச நிறுத்திரும்.”

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தினமும் யாராவது ஒருவர் கொண்டுவருவார்களாம். சுவரோரத்தில் பிடுங்கி வைத்த காய்கள் ஐந்தாறு கிடந்தன. நான் இரண்டு இளநீரோடும் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். காலு கழண்டு போன மாதிரி இருக்குடா என்ற குரல் காதுக்குள் கேட்டது. பிறகு அங்கிருந்த டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிக் கேட்டேன். “ஒரு வாய்த் தண்ணி ஆளக் கொல்லாதுங்கய்யா” என்றார். இளநீர் என்று கேட்டதற்கு, அந்தக் காலத்தில் நடந்ததை இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது, கிட்னி திரும்பியிருக்கலாம், திரும்பாமலும் போயிருக்கலாம் என்று இழுத்தார். “நீங்க தெரியாமத்தானே செஞ்சீங்க?” என்றார். “தெரியாம ஏத்துன மூட்டையும் மூட்டைதானுங்களே டாக்டர்” என்றேன்.

மருமகனிடம் அன்றைக்கே ஜீப்பில் வரும்போது சொன்னேன். எனக்கு ஒளிக்கத் தெரியாது. சிலமலை தாண்டியதும், “அப்ப எங்கம்மா காலமெல்லாம் அரைத் தண்ணி குடிச்சது சும்மாவா மாமா?” என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இரண்டே வருஷம் முந்தி அந்த நர்ஸம்மாவை நான் பார்த்திருந்தால், அக்கா கண்ணை மூடுவதற்குள் ஒரு செம்பு தண்ணீரை முழுதாகக் குடித்திருப்பாள்.

நான் உட்கார்ந்து அழுகிற சாதி இல்லை. வழி தெரியாத இடத்தில் தோட்டம் போட்டவன். மருமகனோடு வாரம் மூன்று நாளும் போனேன். ஒரு மாதத்தில் அங்கே நடப்பது எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஒருநாள் அவன், “பக்கத்துக் கட்டில் காலியாக் கெடக்கு பாருங்க மாமா. போடிமெட்டுக்கு மேல காயெடுக்குற பொம்பள. பஸ்சுக்கு இல்லன்னு ரெண்டு மொற வரல” என்றான். மூன்றாவது முறைக்கு அவள் இல்லை. மிஷின் இலவசம், மிஷினிடம் வந்து சேர்வது இலவசம் இல்லை. பஸ்சுக் கூலி, துணைக்கு வருகிறவரின் கூலி, அன்றைக்குப் போன தன் கூலி என்று வாரம் மூன்று முறை கழன்றால் ஏழை முதலில் எதை நிறுத்துவான்? வருவதை நிறுத்துவான். எங்கள் வீட்டில் கழுதை கழுதையாகப் போன மாதிரி, இங்கே ஒவ்வொருவருக்கும் ஆடும் கம்மலும் போய்க்கொண்டிருந்தன. படித்தவர்கள் மிஷினைப் பார்த்தார்கள். சுமை தூக்கின நான் வழியைப் பார்த்தேன். குரங்கணியிலிருந்து ஒரு வேன், பொட்டிபுரம் சிலமலைப் பக்கமாக ஒன்று, மேலே தோட்டங்களுக்கு ஒரு ஜீப்பு விட்டேன். வீட்டு வாசலில் ஏற்றி, வீட்டு வாசலில் இறக்கவேண்டும்; துணைக்கு வருகிறவருக்கு அன்றைய கூலி என் கிட்டங்கியிலிருந்து. அன்றிலிருந்து வண்டி வராமல் ஒரு முறை தவறினார் என்று எந்த நோயாளியையும் யாரும் காட்டட்டும், என் மீசையை எடுத்துவிடுகிறேன்.

பிறகு நம் ஊரிலேயே இடம் கொடுத்து மிஷின் வரவழைத்தோம். இறக்கிய அன்று நான் போய்த் தோள் கொடுத்தேன். “தாத்தா, நீங்க ஒதுங்குங்க” என்று பையன்கள் கத்தினார்கள். ஒதுங்குவேனா? ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றரை மூட்டை ஏலக்காய் எடைதான். அவ்வளவுதான். மதுரையில் அந்த டாக்டரிடம் கேட்ட கேள்விக்கு என் தோளே பதில் சொல்லிவிட்டது. மச்சான், இதை நான் ஒற்றை ஆளாகக் குரங்கணி ஏற்றத்தில் சுமந்திருப்பேன், வந்திருந்தால் சுமந்திருப்பேன். மருமகன் அதில் ஏழு வருஷம் ஓட்டினான். நல்லபடியாக, பேரனைப் பார்த்துவிட்டுத்தான் போனான். அந்த வாசலில் ‘உள்ளே இளநீர் கொண்டுவராதீர்கள்’ என்று ஆள் உயரத்துக்கு ஒரு பலகை எழுதி வைத்தவனும் நான்தான். தென்னந்தோப்பு வைத்திருக்கிறவன் இப்படி எழுதுகிறானே என்று ஊர் சிரித்தது. சிரித்தவர்கள் கையில் இருந்த காயை வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். எனக்கு அது போதும்.

இப்போது அங்கே வாசலில் கல் பதிக்கப் போகிறார்களாம். இடமும் வாகனமும் கொடுத்தவர் என்று என் பெயரைப் பொன்னெழுத்தில் போட, படம் கேட்டு ஆள் வந்தது. போடுங்கள். பெரிதாகவே போடுங்கள், நான் வேண்டாமென்று சொல்கிற ஆள் இல்லை. மற்றவர்கள் பெயரை மேலே போட்டு என் பெயரைக் கீழே ஒட்டினால் சண்டைக்கு வருவேன். ஆனால் பாதியைப் போடாதீர்கள். பாதியைப் பீத்தாதே என்று ஒரு மனுஷன் என்னிடம் சொல்லியிருக்கிறார். அலமாரியின் நடுத்தட்டிலிருந்து அந்த லோட்டாவை நானே எடுத்துத் துடைத்துத் தருகிறேன். கல்லுக்குப் பக்கத்தில், வருகிறவர் கண்ணில் படுகிற உயரத்தில், உள்ளே இருக்கும் கோடு தெரியும்படி சாய்த்து வையுங்கள். அதற்குக் கீழே நான் சொல்வதை ஓர் எழுத்துக் குறையாமல் வெட்டுங்கள்: ‘இந்தக் கோட்டைக் கிழித்தவள் அக்கா. அவள் ஒரு வாய் கூடுதலாக ஊற்றியது குற்றமில்லை. பதினோரு நாள் இளநீர் வெட்டிக் கொடுத்தவன் தம்பி.’ அந்தத் தம்பி யார் என்று கேட்டால், பொன்னெழுத்தில் இருக்கிற என் பெயரைக் காட்டுங்கள். அது என் பங்கு. அதை இத்தனை வருஷம் அக்கா சுமந்துவிட்டாள். இனி என் பெயரில் எழுதுங்கள்.